கிளாத்தி உரித்த கைகள்

எங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை தரம் தோல் உரியும் என்று எனக்கே கணக்குத் தெரியாது. விடிந்ததும் கோழி குசினிக்குள் ஏறினால் கோழியின் தோல். பள்ளிக்கூட வான் வந்து நின்ற பிறகும் சப்பாத்துத் தேடினால் என் மகளின் தோல். கடலால் வந்த களைப்பில் ஈரச் சாரத்தோடு கட்டிலில் சாய்ந்தால் என் கணவரின் தோல். "தோலை உரிச்சு உப்புப் போட்டுக் காயவைப்பன்" என்பார் மாமி. கருவாடு போடுகிற மனுசி என்பதால் அந்த மிரட்டலை யாரும் லேசாக எடுக்கமுடியாது. என் தோலை மட்டும் நேராக உரிக்கமாட்டார். மருமகள் என்ற மரியாதை. "சில பேருக்கு எருமைத் தோல்" என்று பூனையைப் பார்த்துச் சொல்லுவார். பூனைக்கும் விளங்கும், எனக்கும் விளங்கும்.

மாமி என்றால் என் கணவரின் தாய். முல்லைத்தீவுக் கரையில், ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் களப்புமாகக் கிடக்கிற வேதக்காரக் கிராமம் ஒன்றில் பிறந்து, அதே ஒழுங்கையில் கலியாணம் கட்டி, இடம்பெயர்ந்து திரிந்த வருடங்களைத் தவிர வேறெங்கும் இருந்திராதவர். நான் புளியங்குளம் சந்தியிலிருந்து உள்ளுக்குப் போகிற ஊர்க்காரி. என் அம்மாவும் அப்பாவும் கலவரத்துக்குப் பிறகு தேயிலைத் தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்து, காடு வெட்டி, கிணறு தோண்டிக் கமம் செய்தவர்கள். எனக்கு ஆசிரியை வேலையின் முதல் நியமனம் கரையோரப் பள்ளிக்கூடத்தில் கிடைத்தது. அங்கே கூரைத் தகரம் மாற்ற வந்த ஊர் இளைஞர்களில் ஒருவரைப் பார்த்தேன். பிறகு பார்க்காமல் இருக்க முடியாமல் போயிற்று. இரண்டு வீட்டிலும் சில மாதம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் மாதா கோயிலில் கட்டினோம்.

தமிழ் படிப்பிக்கிறவள் என்பதால் சொற்களைப் பொறுக்கி வைக்கிற பழக்கம் எனக்கு உண்டு. நான் பிறந்த வீட்டில் வெங்காயத்துக்கும் தோல், மரவள்ளிக்கும் தோல், கச்சான் கடலைக்கும் தோல். கரைக்கு வந்த பிறகுதான் அது அப்படியில்லை என்று தெரிந்தது. முற்றத்து வேலியில் வெள்ளையாகத் தொங்கியதைக் கண்டு, "மாமி, பாம்பு தோல் கழட்டியிருக்கு" என்று ஒரு நாள் சொன்னேன். மாமி தலையைத் தூக்காமலே சொன்னார்: "பாம்பு செட்டை கழட்டும் பிள்ளை. தோலைக் கழட்டினால் அது செத்தெல்லோ போம்." மாமியிடம் எல்லாம் பிரித்து வைக்கப்பட்டிருந்தது. பாலுக்கு ஆடை. முட்டைக்கும் இறாலுக்கும் கச்சானுக்கும் கோது. மரத்துக்குப் பட்டை. செதில் உள்ள மீன் வேறு, தோல் உள்ள மீன் வேறு. நைசாகக் கதைத்து மீனை மலிவாக எடுத்துப்போகிற வியாபாரி தோலிருக்கச் சுளை விழுங்கி. முகாமிலிருந்து எலும்பும் தோலுமாக வந்து இப்போது வயிறு வைத்துவிட்ட தன் தம்பியின் மகனைக் கண்டால், "தோலுக்குள்ள இப்பதான் ஆள் வந்திருக்கு" என்று மாமிக்குச் சந்தோசம்.

பள்ளிக்கூடத்தில் ஐம்பொறிகளைப் படிப்பிக்கும்போது, மெய் என்றால் இங்கே தோலைத்தான் சொல்கிறார்கள், தொட்டால் தெரிவது அதனால்தான் என்றேன். ஒரு சின்னவள் பக்கத்துப் பிள்ளையைக் கிள்ளிவிட்டு, "ஓம் டீச்சர், வேலை செய்யுது" என்றாள். இதை வீட்டில் வந்து சொன்னபோது மாமி வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு தன் கையை விரித்துப் பார்த்து, "எனக்கு அது எப்பவோ வேலை நிப்பாட்டிப்போட்டுது" என்றார். அன்றைக்கு அதை நான் பெரிதாக எடுக்கவில்லை.

மாமியின் கையைப் பற்றிச் சொல்லவேண்டும். கிளாத்தி என்று ஒரு மீன் இருக்கிறது. செதில் கிடையாது, அரம் போன்ற தடித்த தோல். தோலோடு சமைக்க முடியாது. முதுகு முள்ளுக்குப் பின்னால் கத்தியால் ஒரு கீறல் போட்டு, பெருவிரலை உள்ளே கொடுத்து, வால் பக்கமாக இழுக்கவேண்டும். மாமி இழுத்தால் முழுத் தோலும் ஒரே இழுவையில் கையோடு வந்துவிடும். நான் இழுத்தால் தோல் பாதி, தசை பாதி. கிளாத்தியை உரிப்பதும், இறால் உடைப்பதும், பெரிய மீனைப் பிளந்து உப்புத் தேய்த்துக் கருவாடு போடுவதுமாக நாற்பது வருடம். உப்பும் ஆனையிறவு உப்புத்தான் வேண்டும், மற்றது மீனில் பிடிக்காது என்பார். இவ்வளவும் சேர்ந்து அவருடைய உள்ளங்கையை வெடிக்கப்பண்ணி, விரல் நுனிகளை மட்டும் பளபளவென்று தேய்த்துவைத்திருந்தன.

இன்னொன்றையும் சொல்லாமல் விடக்கூடாது. எனக்கு மாமியில் ஒரு கோபம் இருந்தது. என் மகள் பிறந்தபோது மாமி அவளைக் கையால் தூக்கவேயில்லை. எட்ட நின்று பார்ப்பார். தூக்கவேண்டி வந்தால் துவாயால் சுற்றித் தரச்சொல்லி, முழங்கையில் ஏந்துவார். குளிக்கவார்க்க என் அம்மாவைப் புளியங்குளத்திலிருந்து கூப்பிட்டு வைத்திருந்தார். தோட்டத்தாளுக்குப் பிறந்த பிள்ளை, அதுதான் கை படக் கூடாது என்று நினைக்கிறா என்று நான் முடிவு கட்டினேன். அம்மா "அப்படியெல்லாம் நெனைக்காத" என்றா. நான் நினைத்தேன். பத்து வருடம் நினைத்துக்கொண்டே அவருடைய கையால் ஊற்றிய சொதியும் ரசித்துச் சாப்பிட்டேன். மனுசருக்கு அப்படியும் இருக்க முடிகிறது.

போன வருடம் பிரான்சிலிருந்து என் மச்சாள், மாமியின் ஒரே மகள், தொலைபேசி எடுத்தாள். கலியாணமாகி எட்டு வருடத்துக்குப் பிறகு வயிற்றில் பிள்ளை தங்கியிருந்தது. இரண்டு தரம் தங்காமல் போனபின் வந்த பிள்ளை. அவளுடைய புருசனின் வீட்டாரிலும் அங்கே யாருமில்லை.

"அம்மா, நீங்கள் வந்து பக்கத்தில நிண்டால்தான் எனக்குத் துணிவு. இஞ்ச எல்லாரும் நல்லவைதான். ஆனா எனக்கு நீங்கள் வேணும்."

மாமி "வாறன்" என்றார். கொழும்புக்கே இரண்டு முறைதான் போனவர், கோயிலடிக்குப் போவதுபோல "வாறன்" என்றார். பிள்ளை பிறக்க மூன்றரை மாதம் இருந்தது. அதற்குள் பாஸ்போட் எடுத்து, விசாவுக்குப் போட்டு, பறக்கவேண்டும். எனக்கும் மாமி போனால் கொஞ்ச நாளைக்கு வீட்டில் யாருடைய தோலும் உரியாமல் இருக்கும் என்றொரு ஆசை. பொய் சொல்லவில்லை.

வவுனியாவுக்கு நானும் மாமியும் பஸ்ஸில் போனோம். பாஸ்போட் கந்தோரில் கடதாசிகள் எல்லாம் சரியாக இருந்தன. கடைசியில் ஒரு சின்னக் கண்ணாடியில் விரலை வைக்கச் சொன்னார்கள். மாமி பெருவிரலை வைத்தார். அங்கே வேலை செய்கிற பெண்பிள்ளை கணினியைப் பார்த்தது. "அழுத்தி வையுங்கோ அம்மா" என்றது. பிறகு, "துடைச்சுப்போட்டு வையுங்கோ." பிறகு மற்றப் பெருவிரல். பிறகு சுட்டுவிரல். பத்து விரலும் முடிந்தது. ஒன்றிலும் ரேகை விழவில்லை.

"அம்மா என்ன வேலை செய்யிறனீங்கள்?"

"வேலையோ? நான் சும்மா வீட்டில இருக்கிறன்" என்றார் மாமி.

"கருவாடு போடுறவா, இறால் உடைக்கிறவா. நாற்பது வருசமா" என்றேன் நான். மாமி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் முதல்முறையாக என் தோல் நேராக உரிந்தது.

அந்தப் பிள்ளை தங்கமான பிள்ளை. கண்ணாடியை ஒரு தாளால் துடைத்தபடி சொன்னது: "கமக்காரர், மேசன்மார் கனபேருக்கு இப்பிடித்தான் அம்மா. ரேகை இல்லாமல் போறேல்ல, மேல்தோல் தேய்ஞ்சிருக்கு. மூண்டு கிழமை மீன், உப்பு, சவர்க்காரம் ஒண்டும் தொடாமல், எண்ணெய் பூசி வச்சுக்கொண்டு வாங்கோ. புதுத் தோல் வந்தால் விழும். இல்லையெண்டா வேற வழி பாப்பம், அது கொஞ்சம் இழுபடும்."

திரும்பிவரும்போது நெடுங்கேணி தாண்டும்வரை மாமி விரல் நுனிகளை ஒன்றோடொன்று தேய்த்துப் பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு தன் இரண்டு கையையும் மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு சொன்னார்: "நாற்பது வருசம் உழைச்ச கையைக் காணேல்லையாம்."

அடுத்த நாளிலிருந்து மாமியின் வேலை முழுவதும் என் தலையில். விடிய நாலு மணிக்கு எழும்பி, என் கணவர் கொண்டுவந்த மீனைப் பிளந்து, உப்புப் போட்டு, குளித்து, மணம் போக இரண்டு தரம் குளித்து, பள்ளிக்கூடம். பின்னேரம் வந்ததும் காயப்போட்டதைத் திருப்பிப்போட்டு, இறால் உடைத்து, சமைத்து. மாமி வேப்பமர நிழலில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார். கையில் தேங்காய் எண்ணெய் தடவி, அதன் மேல் இவர் காலில் போடுகிற பழைய மேசு இரண்டை மாட்டிவிட்டிருந்தேன். ஒழுங்கையால் போகிறவர்கள், "என்னணை மாமி, கையில மேசு?" என்று கேட்பார்கள். "காலுக்கு அளவில்லை, அதுதான் கையில போட்டிருக்கிறன்" என்பார்.

கை கட்டுப்பட்டதும் வாய் இரண்டு மடங்காயிற்று. நான் கிளாத்தியோடு சண்டைபிடிக்கிறபோது கதிரையிலிருந்து கட்டளை வரும்.

"வால் பக்கம் ஏன் கீறுறாய்? முள்ளுக்குப் பின்னால கீறு."

"கீறிட்டன் மாமி."

"விரலை உள்ளுக்க குடு. பயப்படாத, அது செத்துப்போச்சு. ஆ, இப்ப இழு. ஒரே இழுவை. இப்பிடிப் பிச்சுப் பிச்சு உரிச்சா மீனுக்கு நோகுமெல்லோ."

"செத்துப்போச்செண்டு இப்பதானே சொன்னீங்கள்."

"வாய் மட்டும் நல்லா உரியுது" என்று பூனையிடம் சொன்னார்.

பள்ளிக்கூடத்திலிருந்து முத்திரை குத்துகிற மைப்பெட்டியை இரவல் வாங்கிவந்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும், மாமியின் பெருவிரலை மையில் தொட்டு என் பழைய பாடக்குறிப்புக் கொப்பியில் பதிப்பேன். முதல் ஞாயிறு வெறும் கறுப்புப் பொட்டு. இரண்டாம் ஞாயிறு ஓரத்தில் இரண்டு மூன்று கோடு. மூன்றாம் ஞாயிறு வளைவு வளைவாக, நடுவில் சின்னச் சுழியோடு, ஒரு முழு ரேகை விழுந்தது. மாமி மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கனநேரம் பார்த்தார்.

"இது ஆற்ற கை?"

"உங்கட கைதான் மாமி."

"எனக்குச் சுழியும் இருக்கோ" என்றார். அன்று முழுக்க யாருடைய தோலும் உரியவில்லை.

அந்தக் கிழமையே வவுனியாவுக்குப் போனோம். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தபோதே எனக்கு ஒரு மணம் பிடித்தது. தேசிக்காய் மணம். வாந்தி வருமென்று பையில் வைத்திருக்கிறாவாக்கும் என்று விட்டுவிட்டேன். கந்தோரில் அதே பிள்ளை இருந்தது. எங்களைக் கண்டு சிரித்தது. மாமி சிங்காரித்துக்கொண்டு வந்த மணப்பெண் மாதிரி விரலை நீட்டினார். விழவில்லை. மற்ற விரல். விழவில்லை. பத்தும் விழவில்லை. நான் மாமியின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். விரல் நுனியெல்லாம் சிவந்து, உரசிப்போய், பளபளவென்று இருந்தது.

"என்ன செய்தீங்கள்?"

"ஒண்டும் செய்யேல்ல. காலமை கொஞ்சம் கழுவினனான்."

"எதால கழுவினீங்கள்?"

மாமி தரையைப் பார்த்துச் சொன்னார்: "தேசிக்காய்த் தோலும் சாம்பலும். பிறகு தேங்காய்த் தும்பு போட்டு ஒருக்கா."

எங்கள் கரையில் கலியாணவீட்டுக்கோ கோயில் கொடியேற்றத்துக்கோ போகுமுன் பெண்கள் எல்லோரும் செய்கிற காரியம் அது. மீன் வெடுக்குப் போக, தேசிக்காய்ப் பாதியைச் சாம்பலில் தொட்டு, விரல் விரலாக உரஞ்சிக் கழுவுவார்கள். நல்ல இடத்துக்குப் போகிறோம் என்றால் இன்னும் அழுத்தி உரஞ்சுவார்கள். மாமிக்கு அரசாங்கக் கந்தோர் நல்ல இடம். மூன்று கிழமையாக முளைத்த தோலைப் பத்து நிமிடத்தில் உரஞ்சித் தள்ளிவிட்டு வந்திருந்தார்.

பஸ் நிலையத்தில் வைத்து நான் வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். கலியாணம் கட்டி வந்த நாளிலிருந்து மாமிக்கு முன்னால் குரல் உயர்த்தாதவள். "நாலு மணிக்கு எழும்பி நான் நாறினது எதுக்கு? அங்க உங்கட பிள்ளை நாளை எண்ணிக்கொண்டு கிடக்குது. உங்களுக்கு மகள் முக்கியமோ, மணம் முக்கியமோ?" பக்கத்தில் கடலை விற்கிறவர் கூட வாயை மூடிக்கொண்டு மற்றப் பக்கம் திரும்பினார். மாமி பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறினார். அவர் திருப்பிப் பேசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

புளியங்குளத்தில் பஸ் தேத்தண்ணிக்கு நின்றது. இறங்கிக் கடை வாங்கில் இருந்தோம். மாமி தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு உள்ளங்கையாலும் பிடித்தார். விரல் நுனி எரிந்திருக்கவேண்டும்.

"போனமுறை அந்தப் பிள்ளை கண்ணாடியைத் துடைச்சதைக் கண்டனீதானே" என்றார்.

"அது எல்லாருக்கும் துடைக்கிறது மாமி."

"எனக்குத் துடைச்சுப்போட்டு மூக்கையும் துடைச்சது."

"அதுக்குத் தடிமன்."

மாமி ஒரு மிடறு குடித்தார். "இன்னொண்டும் இருக்கு. உன்ர மனுசன் பிறந்து பத்தாம் நாள், நான்தான் தண்ணி வாத்தனான். அப்பவும் இந்தக் கைதான். முதுகைத் தடவினன், பிள்ளை. சிவப்பா நாலு கோடு விழுந்திட்டுது. பச்சை உடம்பெல்லோ, தாங்குமே. வீரிட்டுக் கத்தினது இப்பவும் காதுக்க கிடக்கு. அதுக்குப் பிறகு இந்தக் கையால ஒரு பச்சைப் பிள்ளையையும் நான் தொட்டதில்லை. மகளைக்கூட என்ர அக்காதான் குளிப்பாட்டினவா. உன்ர பிள்ளைக்கும் அதுதான் உன்ர அம்மாவைக் கூப்பிட்டனான்."

நான் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன்.

"மூண்டு கிழமை எண்ணெய் பூசக் கை நல்லா மெத்தெண்டு வந்தது. சரி, மகளின்ர பிள்ளையையாவது கையால தூக்கலாமெண்டு நினைச்சன். காலமை மணந்து பாத்தன், வெடுக்கு இன்னும் நிக்கிற மாதிரிக் கிடந்தது. பச்சைப் பிள்ளைக்கு வெடுக்குக் கூடாதெல்லோ. எல்லாத்தையும் ஒரேயடியாப் போக்குவமெண்டு உரஞ்சிப்போட்டன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. பத்து வருடமாக நான் மனதுக்குள் திட்டித்தீர்த்த மனுசி, தன் கையைக் கண்டு தானே பயந்து ஒதுங்கி நின்றிருக்கிறார். என் பிள்ளையின் முதுகில் கோடு விழக்கூடாது என்று நின்றிருக்கிறார். தோட்டத்தாள், கரையாள் என்று நான்தான் நினைத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

"இதை அப்பவே சொல்லியிருக்கலாமே மாமி" என்றேன்.

"நீ கேக்கேல்ல. நான் சொல்லேல்ல" என்றார். பிறகு, "தேத்தண்ணி ஆறுது, குடி" என்றார். குடித்தோம். நான் பஸ் நிலையத்தில் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். "கத்தினது நல்லது. நீயும் வாய் உள்ள ஆளெண்டு இண்டைக்குத்தான் தெரியும்" என்றார்.

இன்னொரு மூன்று கிழமை. வீட்டிலிருந்த தேசிக்காயை எல்லாம் ஊறுகாய் போட்டேன். அடுப்புச் சாம்பலை அள்ளி வாழைக்குப் போட்டேன். மாமி செபமாலை மட்டும் உருட்டலாம், அதுவும் மெதுவாக என்று சட்டம் வைத்தேன். மாமியின் தலைக்கு எண்ணெய் வைத்து முழுகவார்த்தேன், சட்டைக்குப் பொத்தான் பூட்டிவிட்டேன், மீனில் முள் எடுத்துக் கொடுத்தேன். "என்னைக் குழந்தைப்பிள்ளை ஆக்கிப்போட்டாள்" என்று ஒழுங்கை முழுக்க முறைப்பாடு. ஆனால் முறைப்பாட்டில் ஒரு பெருமை இருந்தது. ஒருநாள் பின்னேரம் பாடம் எழுதிக்கொண்டிருந்த என் மகளின் சட்டையைத் தூக்கி, முதுகில் விரல்களால் மெல்லத் தடவினார்.

"கீறுதோ?"

"கூசுது அப்பம்மா" என்று அவள் நெளிந்தாள்.

மாமி இன்னொரு தரம் தடவினார். அவள் சிரித்துக்கொண்டு ஓடிவிட்டாள். மாமி தன் விரல் நுனிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அந்த மூன்று கிழமைக்குள் மச்சாளுக்கு இரண்டு தரம் இரத்த அழுத்தம் கூடி ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். தொலைபேசியில் அவள், "இன்னும் சரிவரேல்லையோ அம்மா" என்று மட்டும் கேட்பாள். மாமி, "வாறன், வாறன்" என்பார். தொலைபேசியை வைத்த பிறகு மாதா படத்துக்கு முன்னால் போய் நிற்பார். அங்கே என்ன கதைத்தார் என்று தெரியாது. ஒருமுறை மட்டும், "உனக்கும் ஒரு பிள்ளை இருந்ததுதானே" என்று சத்தமாகச் சொன்னது கேட்டது.

மூன்றாம் முறை வவுனியாவுக்குப் போகிற நாள் காலை, மாமி கிணற்றடிக்குப் போனபோது நானும் பின்னால் போனேன். "பொலிஸ் மாதிரி நில்லாத" என்றார். நின்றேன். கந்தோரில் அந்தப் பிள்ளை மாமியின் விரலைத் தானே பிடித்துக் கண்ணாடியில் வைத்தது. எனக்குப் பார்க்கத் துணிவில்லை, சுவரில் ஒட்டியிருந்த அறிவித்தலை மேலிருந்து கீழாக வாசித்துக்கொண்டு நின்றேன். சிங்களப் பகுதியையும் எழுத்துக்கூட்டி வாசித்தேன்.

"விழுந்திட்டுது அம்மா" என்றது அந்தப் பிள்ளை.

மாமி அந்தப் பிள்ளையின் கையை விடவில்லை. கூட்டம் நின்ற கந்தோரில், அதன் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ நல்லா இருப்பாய் மோனை. உன்ர வயித்தில பிறக்கிறதும் நல்லா இருக்கும்" என்றார். அதற்கு இன்னும் கலியாணமாகவில்லைப் போல, முகம் சிவந்துவிட்டது.

பிறகு எல்லாம் ஓட்டம். பாஸ்போட் வந்தது. விசாவுக்குக் கொழும்பில் இன்னொரு கண்ணாடி, இன்னொரு தரம் பத்து விரல். அதற்காக இன்னும் ஒரு மாதம் மாமி ஒன்றும் தொடவில்லை, நான் எல்லாம் தொட்டேன். அங்கேயும் விழுந்தது. விசா கையில் வரக் கொஞ்சம் சுணங்கிவிட்டது. பறக்கிறதுக்கு நாலு நாள் முன்னால் மச்சாளுக்குப் பெண்பிள்ளை பிறந்தது. பிறந்த நேரம் பக்கத்தில் நிற்க முடியவில்லை என்று மாமி அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பத்தாம் நாள் குளிக்கவாக்கிறதுக்கு நான் நிப்பன்தானே" என்று விரல் மடித்து எண்ணினார். நாள் சரியாக வந்தது.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பயணிகள் மட்டும் உள்ளே போகலாம் என்று வாசலில் மறித்துவிட்டார்கள். இவர் பெட்டிகளை வண்டிலில் ஏற்றிக்கொண்டிருந்தார். மாமி புதுச் சீலை, புதுச் செருப்பு, கையில் பாஸ்போட். எனக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. "கவனமாப் போட்டு வாங்கோ" என்பதுதான் வாயில் வந்தது.

மாமி என் இரண்டு கையையும் பிடித்தார். அவருடைய கை மெத்தென்று, சுடுதண்ணிப் போத்தலைப் பிடித்த மாதிரி இளஞ்சூடாக இருந்தது. என் கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தார். உப்பில் வெடித்த வெடிப்பு, இறால் முள் குத்திய இடங்கள், கிளாத்தித் தோல் இழுத்துத் தேய்ந்த பெருவிரல். அந்தப் பெருவிரலைத் தன் விரலால் ஒருக்கால் தடவிப் பார்த்தார். மழமழவென்று இருந்திருக்கும்.

"இனி உனக்குத்தான் பிள்ளை பாஸ்போட் எடுக்கேலாது" என்றார்.

சிரிப்பதற்காகத்தான் சொன்னார். சொல்லிமுடிக்கமுன் அவருடைய வாய் கோணிவிட்டது. என் கையைத் தூக்கித் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு நின்றார். பின்னால் வந்தவர்கள் வண்டிலோடு எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.